எதிர்ப்பு சக்தி

தனசேகரன் கம்பவுண்டர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அடிவாரத்து ஊர் ஒன்றில் மருந்துக்கடையில் அட்டைப்பெட்டி பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தவன். எந்த மாத்திரை எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டதும், எந்த நோய்க்கு எந்த மாத்திரை என்பதும் தெரிந்துவிட்டதாக அவனுக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது. தொண்ணூறுகளின் கடைசியில், சந்தை நாள்தோறும் முதல் பஸ்ஸைப் பிடித்து, வளைவுகளில் குமட்டாமல் இருக்க எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே கொல்லிமலைக்கு வந்து சேருவான். கருவாட்டுக் கடைக்கும் சட்டிபானைக் கடைக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவான். அதுதான் ஆஸ்பத்திரி. மலையூர்க் கூட்டத்தை அங்கே நாடு என்பார்கள்; அந்தப் பக்கத்துத் திருப்புலி நாட்டு ஜனங்கள் அவனைக் கம்பவுண்டர் என்றார்கள். காய்ச்சல் அதிகமானவர்கள் டாக்டர் என்றார்கள். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று பழமொழி. அந்தக் கணக்குப்படி தனசேகரன் அரை வைத்தியனாகக்கூட இன்னும் தேறவில்லை.

எல்லா நோய்க்கும் அவனிடம் இருந்தது ஒரே மருந்து. சிவப்பும் கறுப்புமாக மினுங்கும் கலர் மாத்திரை. காய்ச்சலுக்கும் அதுதான், பல்வலிக்கும் அதுதான், புருசன் பெண்சாதி சண்டையில் மண்டை உடைந்தாலும் அதுதான். கையில் இருக்கிற அளவுக்கு ஏற்ப நாலோ ஆறோ கொடுப்பான். வாங்கியவர்கள் இரண்டைத் தின்றுவிட்டு, உடம்பு லேசானதும் மீதியை அடுக்குப்பானையில் போட்டு வைப்பார்கள். அடுத்த முறை யாருக்கு என்ன வந்தாலும் பானையில் கை போகும். புண் என்றால் மாத்திரையை இரண்டாகப் பிரித்து, உள்ளே இருக்கும் தூளைப் புண்மேல் தூவுவார்கள். கோழி வெள்ளையாகக் கழிந்தால் அதே தூளை ராகி உருண்டையில் பொதித்துக் கோழி வாயில் திணிப்பார்கள். கோழி சில சமயம் பிழைக்கும். அந்தப் பெருமையும் தனசேகரனுக்கே போகும்.

செங்கோடனின் கால் இந்த வைத்தியத்தில்தான் மாட்டியது.

செங்கோடன் மிளகு ஏறுகிறவன். சில்வர் ஓக் மரங்களில் சுற்றிப் படர்ந்த கொடியில் மிளகு பறிக்க அங்கே ஒற்றை மூங்கிலைத்தான் ஏணியாக வைப்பார்கள். மூங்கிலின் கணுக்கிளைகளை ஒரு சாண் விட்டு வெட்டியிருப்பார்கள்; அதுதான் படி. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, கால் பெருவிரலால் கணுவைக் கவ்வி, பனியில் நனைந்த மரத்தில் செங்கோடன் ஏறும்போது கீழே நிற்கிறவர்கள் தாங்களாகவே மூங்கிலைப் பிடித்துக்கொள்வார்கள். சொந்தக் காட்டில் கொஞ்சம் கொடி. மற்ற நாளெல்லாம் அடுத்தவர் காட்டில் ஏறுவது. அவனும் அவன் பெண்சாதி சின்னக்கண்ணுவும் சாப்பிட்ட சாமைச் சோறு அந்த இரண்டு கால்களிலிருந்து வந்தது. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கால் போனால் சோறு போச்சு.

மார்கழிக் கடைசியில் மூங்கில் வழுக்கி, இறங்கும்போது வெட்டுக்கணு ஒன்று வலது முழங்காலுக்குக் கீழே கெண்டைச் சதையைக் கிழித்துவிட்டது. பெரிய கிழிசல் இல்லை. மஞ்சளை அரைத்துப் பூசி வேலைக்குப் போனான். சீழ் வைத்தது. சந்தைக்குப் போய் ஸ்டூலுக்கு எதிரே காலை நீட்டினான்.

"இதெல்லாம் ஒரு புண்ணாய்யா," என்றான் தனசேகரன். "மாத்திரை தாரேன். ரெண்டை முழுங்கு, ரெண்டைப் பிரிச்சுத் தூவு. ஆனா பத்தியம் முக்கியம். மாத்திரை உள்ள போற வரைக்கும் கவுச்சி ஆகாது, பாத்துக்க."

இந்தப் பத்தியத்தை எந்தப் படிப்பிலிருந்து எடுத்தான் என்று தெரியாது. சொன்னதில் ஜனங்கள் ஒழுங்காகக் கேட்டது அது ஒன்றைத்தான். பொங்கல் நோம்பி வந்தது. கரிநாளில் ஊரெல்லாம் கறி கொதித்தது. செங்கோடன் நியாயமான ஆள். மாத்திரையும் கறியும் சேரக்கூடாது என்றால் ஏதாவது ஒன்றை விட வேண்டும். மாத்திரையை விட்டான். கறி தீர்ந்த பிறகு ஒரு மாத்திரை முழுங்கினான். மச்சான் ஊட்டில் இன்னொரு ஆட்டை அறுத்தார்கள்; மறுபடி நிறுத்தினான். இப்படிக் கிருமிக்கும் கறிக்கும் நடுவில் அவன் பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருந்த நாளெல்லாம் கிருமி உள்ளே உட்கார்ந்து அந்த மாத்திரையை ருசி பார்த்துப் பழகிக்கொண்டது.

கால் தூண்போல வீங்கியது. சின்னக்கண்ணு ஒற்றைக்காலில் நின்று, அவனை அடிவாரம் தாண்டி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வைத்தாள். துணைக்கு அவள் அண்ணன் சின்னராசு வந்தான். துணைக்கு என்று அவன் சொன்னான்.

சின்னராசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்குக் காடு உண்டு, மாடு உண்டு, வேலை மட்டும் பிடிக்காது. வாய்தான் உழைக்கும். போலியோ சொட்டு மருந்து கொடுக்க நர்சம்மாக்கள் மலைக்கு வந்தபோது, ஐஸ் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவன் அவன். அந்த ஒரு நாளில் சுகாதாரத் துறையே தன் தோளில் இருப்பதாக நினைத்துவிட்டான். நர்சம்மா ஒவ்வொரு வாசலிலும் "குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி வரும்மா" என்று சொன்னதைக் கேட்டுக் கேட்டு அந்தச் சொல் அவன் வாயில் ஒட்டிக்கொண்டது. வெறும் வாயை மெல்கிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி. அதற்குப் பிறகு சாமைச் சோற்றில் எதிர்ப்பு சக்தி, பலாக்கொட்டையில் எதிர்ப்பு சக்தி, மலைக்காரன் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி. டவுன்காரனுக்கு மட்டும் கிடையாது.

டவுன் ஆஸ்பத்திரியில் செங்கோடனுக்குக் கட்டில் கிடைக்கவில்லை. இரண்டு கட்டில்களுக்கு நடுவில் பாய் கிடைத்தது. புண்ணைக் கழுவி, சீழைப் பஞ்சில் தொட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வேளைக்கு ஊசி போட்டார்கள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது, வீக்கம் இறங்கவில்லை. பரிசோதனை முடிவு வந்த காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். வயசு குறைந்தவர், அவசரம் அதிகமானவர். பாயில் கிடப்பவனைப் பார்க்கக் குனிய வேண்டும் என்பதால் நர்ஸ் தாமரைச்செல்வியைப் பார்த்து இங்கிலீஷில் பேசினார். போகிற போக்கில் தலையைத் திருப்பி, செங்கோடனின் ஜனத்துக்கும் தமிழில் ஒரு துண்டு போட்டார்.

"எல்லா மருந்துக்கும் எதிர்ப்பு சக்தி வந்திருச்சு. இந்த ஊசியை நிறுத்திரலாம்."

அவ்வளவுதான். அடுத்த பாய்க்குப் போய்விட்டார். யாருக்கு வந்தது, எதை எதிர்த்து வந்தது என்று சொல்ல இன்னும் ரெண்டு வார்த்தை ஆகியிருக்கும். அந்த ரெண்டு வார்த்தையை மிச்சம் பிடித்து அவர் என்ன செய்தார் என்று தெரியவில்லை.

சின்னராசுவின் முகம் விளக்கு வைத்த மாதிரி ஆனது.

"கேட்டீங்களா மாப்ள? நான் எத்தனை தடவ சொல்லியிருக்கறேன். நம்ம ஒடம்பு களி தின்ன ஒடம்பு. எல்லா மருந்துக்கும் எதிர்ப்பு சக்தி வந்திருச்சாமா. இனி ஊசியே வேண்டாங்கறாரு."

"நல்லா காதுல உளுந்துச்சுங்களா மச்சான்?" என்றான் செங்கோடன். அவனுக்கு ஊசி என்றால் பயம்.

"பின்ன? சொட்டு மருந்துக்கு வந்த அம்மா சொன்ன அதே வார்த்தை. சக்தி வந்துட்டா நோவு கிட்ட வராது. டாக்டரே வாயத் தொறந்து சொல்லிட்டாரு."

"வலி இன்னும் இருக்குதுங்களே."

"வலி இருக்கட்டும். அது புண்ணோட வலி, நோவோட வலி இல்ல."

தாமரைச்செல்வி திரும்பி வந்து, "புது மருந்து எழுதியிருக்காங்க. வெளியூர்ல இருந்து வரணும். வர்ற வரைக்கும் எங்கயும் போகக் கூடாது" என்றாள். சின்னராசு பெரிய மனுசத் தோரணையில் தலையாட்டினான். அவள் சாப்பிடப் போனதும், "இவங்களுக்கு ஆளு கொறஞ்சா வேல கொறஞ்சு போயிரும், அதான் புடிச்சு வெக்கிறாங்க" என்று சொல்லி, செங்கோடனின் கையைத் தோளில் போட்டுப் பின்வாசல் வழியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடத்திவிட்டான். சின்னக்கண்ணு பின்னாலேயே பாத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"அண்ணா, அந்தம்மா இருக்கச் சொல்லுச்சு."

"அந்தம்மா நர்ஸு. சொன்னது டாக்டரு. எது பெருசு?"

அவள் பையைக் கை மாற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். நியாயமான கேள்வி மாதிரியே கேட்பதுதான் சின்னராசுவின் தொழில்.

மலையில் ரெண்டு மூணு நாள் திருவிழாதான். பார்க்க வந்தவர்களெல்லாம் காலைப் பார்க்கவில்லை, சின்னராசுவின் வாயைப் பார்த்தார்கள். அவன் டாக்டர் மாதிரியே தலையைத் திருப்பிக் காட்டினான். எடப்புளி நாட்டிலிருந்துகூட ஆள் வந்து செங்கோடனைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள், சக்தி தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளட்டும் என்பதுபோல. கோழிச்சாறு வைத்தார்கள். மருந்தே இல்லை என்று ஆன பிறகு பத்தியம் எதற்கு? செங்கோடனும் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். ஒரு மாசத்தில் மரம் ஏறிவிடலாம் என்றான்.

சின்னக்கண்ணு மட்டும் கட்டுத் துணியை அவிழ்த்துத் துவைக்கிறவள். சாறு கொதிக்கும் வாசத்தையும் மீறி அவளுக்கு அந்த நாற்றம் தெரிந்தது. துணியில் வந்தது பச்சையாக இருந்தது. கால் விரல் நுனிகள் கறுத்தன. தண்ணீர் எடுக்கப் போகிற வழியில், காப்பி குடித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் நின்று கேட்டாள்.

"அண்ணா, சக்தி வந்துருச்சு, வந்துருச்சுங்கறயே. யாருக்கு வந்துச்சு?"

"யாருக்குன்னா? மாப்ளைக்குத்தான்."

"டாக்டரு அப்படிச் சொல்லலியே. வந்துருச்சுன்னுதான் சொன்னாரு. ஊட்டுக்கு விருந்தாளி வந்தாலும் வந்துருச்சும்பாங்க, பாம்பு வந்தாலும் வந்துருச்சும்பாங்க."

"அடிப் போடி. ரெண்டு எழுத்துப் படிக்கல, டாக்டரு பேச்சுக்கு அர்த்தம் சொல்ல வந்துட்டா."

"நீ எத்தனை எழுத்துப் படிச்ச?"

சின்னராசு காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தான்.

அந்த வாரச் சந்தை நாளில் தனசேகரன், செங்கோடனின் ஊட்டுக்கே வந்தான். டவுன் ஆஸ்பத்திரியே கைவிட்ட கேஸ் என்றால் அவனுக்குக் கௌரவம் கூடும். கட்டை அவிழ்த்தான், மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டான். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே மலை இறங்கியிருப்பார்கள், ஒரு நாளாவது மிஞ்சியிருக்கும். அவன் அகராதியில் அந்த வார்த்தை இல்லை. ஒரு ஊசி போட்டான். கலர் மாத்திரையைப் பிரித்து, பழையபடி தூவினான்.

"சீழ் வத்திரும். எதிர்ப்பு சக்தியும் இருக்குது, நான் போட்ட ஊசியும் இருக்குது. பொறவு என்ன?"

இரண்டாம் நாள் செங்கோடன் உளறத் தொடங்கினான். மரத்தின் மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டு, "மூங்கிலப் புடிச்சுக்கங்க, மூங்கில் ஆடுது" என்று கத்தினான். சின்னக்கண்ணு அண்ணனைக் கேட்கவில்லை. அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டு, கம்பளியைக் கம்பில் கட்டித் தூக்கவைத்து, ரோட்டுக்கு வந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிப்போகும் லாரியில் அவனைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். சின்னராசு பின்னால் வந்து தொற்றிக்கொண்டான். வராமல் இருந்தால் மேலே எல்லாரும் அவனைத்தான் கேள்வி கேட்பார்கள்.

தாமரைச்செல்வி ஆளை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்க ஓடிப்போன அன்னைக்குச் சாயங்காலமே மருந்து வந்துச்சு. பெட்டி பிரிக்காம அப்படியே இருக்கு. இப்ப வந்து என்னத்துக்கு?" என்று கத்தினாள். கத்திக்கொண்டேதான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினாள். இம்முறை கட்டில் கிடைத்தது. சாகப் போகிறவனுக்கு உடனே கிடைத்துவிடும்.

டாக்டர் இந்த முறை குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் தங்க மாட்டார் என்றார். சின்னக்கண்ணு அழவில்லை. வழியெல்லாம் கொண்டுவந்த கேள்வியைத்தான் கேட்டாள்.

"ஏனுங்க, எதிர்ப்பு சக்தி வந்துருச்சுன்னு சொன்னீங்களே. அது யாருக்குங்க?"

"கிருமிக்கும்மா. எந்த மருந்து போட்டாலும் கிருமி சாகல. மருந்தை எதிர்த்து நிக்கிற சக்தி அதுக்கு வந்திருச்சு. அரையும் குறையுமா மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் ஆகும்."

"எங்க ஆளுக்கு இல்லீங்களா?"

"உன் புருசனுக்கு இருந்திருந்தா இங்க ஏன் வர்றாரு?"

"அப்ப அன்னைக்கே கிருமிக்குன்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருக்கலாமுங்களே."

டாக்டருக்குக் கோபம் வந்தது. "எல்லாத்தையும் விளக்கிட்டு இருக்க முடியுமா? சொன்னாலும் உங்களுக்குப் புரியவா போகுது?"

"நீங்க சொல்லிப் பாக்கலீங்களே," என்றாள் சின்னக்கண்ணு.

அவர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார்.  அவள் திரும்பி, சுவரோரம் நின்ற அண்ணனைப் பார்த்தாள். சின்னராசு வாயைத் திறந்தான்.

"ஏஞ்சாமி, கிருமிக்கு எங்கிருந்து சக்தி..."

"பேசாத," என்றாள். "இனி நீ என்ற காதுல பேசாத."

செங்கோடன் பிழைத்தான். கட்டிலில் போர்வை ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் கிடந்தது. கண் விழித்ததும் இல்லாத காலின் பெருவிரல் அரிக்கிறது என்றான். சின்னக்கண்ணு வெறும் போர்வையைச் சொறிந்துவிட்டாள்.

எடுத்த காலை என்ன செய்வது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அங்கேயே ஒழித்துவிடுவார்களாம், சொந்தக்காரர்கள் கேட்டால் கொடுத்துவிடுவார்களாம். சின்னக்கண்ணு யோசிக்கவே இல்லை.

"குடுங்க. அவரு மண்ணுக்குள்ள போற அன்னைக்குக் காலும் பக்கத்துல இருக்கோணும். இல்லாட்டி அங்கயும் நொண்டிட்டுத்தான் போவாரு."

தாமரைச்செல்வி பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். அதை வெள்ளை உரச்சாக்கில் போட்டு, வாயைச் சணலால் கட்டி, சின்னக்கண்ணு அண்ணன் கையில் கொடுத்தாள்.

"நானா?" என்றான் சின்னராசு.

"நீதான பின்வாசல்ல கூட்டிட்டுப் போன. இதையும் கூட்டிட்டுப் போ. நம்ம காட்டு மேக்கு மூலையில ஆழமாத் தோண்டிப் பொதச்சுட்டு, நாயி தோண்டாத மாதிரி கல்லு வெய்யி. வழியில யாருகிட்டயும் கதை சொல்லாத."

மலை பஸ் புளிமூட்டையாக இருந்தது. மலையில் இன்னொரு ஊரில் அன்று சந்தை. பலசரக்கு மூட்டை, கோழிக்கூடை, மண்ணெண்ணெய் கேன். சின்னராசு சாக்கைத் தோளோடு அணைத்துக்கொண்டு நடுவில் நின்றான். பஸ் கிளம்பியதும் கண்டக்டர், "சாக்குல என்ன?" என்றார். சின்னராசு சாக்கின் சணல் முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.

"கெழங்குங்க," என்றான் கடைசியில்.

"அட, சின்னராசு." ஜன்னலோர சீட்டிலிருந்து குரல் வந்தது. மருந்து வாங்க முந்தின நாள் டவுனுக்கு வந்திருந்த தனசேகரன், காலடியில் கறுப்புப் பையும் மூக்கருகில் எலுமிச்சம்பழமுமாக உட்கார்ந்திருந்தான். "கூட்டத்துல சாக்கோட எப்படி நிப்ப? இப்படிக் குடு, மடியில வெச்சுக்கறேன்."

நிற்கிறவர் சுமையை உட்கார்ந்திருப்பவர் வாங்கிக்கொள்வது பஸ் மரியாதை. தனசேகரனுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியும். சின்னராசு கொஞ்சம் தயங்கினான். பிறகு கொடுத்தான். தனசேகரன் சாக்கைத் தொடைமேல் நெட்டுக்கு நிறுத்தி, வசதியாகக் கைபோட்டுக்கொண்டான்.

அடிவாரம் தாண்டி வளைவுகள் தொடங்கின. பேசிக்கொண்டே போனால் தனசேகரனுக்குக் குமட்டாது.

"செங்கோடன மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டதாச் சொன்னாங்க, பாக்கப் போனியா? எப்படி இருக்கறான்?"

"இருக்கறாருங்க."

"நான் போட்ட ஊசி சாதாரண ஊசி இல்ல, தெரியுமில்ல? இந்நேரம் சீழெல்லாம் வத்தியிருக்கோணும்."

சின்னராசு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான்.

"என்னய்யா, வாயத் தொறந்தா மூட மாட்ட, இன்னைக்கு மூடிட்டு வாற? நீதான சொன்ன, அவனுக்கு எதிர்ப்பு சக்தி இருக்குதுன்னு. நானும் அத நம்பித்தான் தைரியமாப் போட்டேன்."

"அவருக்கு இல்லீங்களாம். கிருமிக்குத்தான் இருந்துச்சாமா."

"எவன் சொன்னான்?"

"தங்கச்சி கேட்டுச்சுங்க. டாக்டரு சொன்னாரு."

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அவங்க மருந்து கேக்கலீன்னா கிருமி மேல பழியப் போட்டுருவாங்க." தனசேகரன் பழத்தை ஒரு இழுப்பு இழுத்தான். பிறகு சாக்கைக் கொஞ்சம் நகர்த்தி மறு தொடைக்கு மாற்றினான். "என்ன கெழங்குய்யா இது, கனமா நீளமா இருக்குது. சரி, அத உடு. காலு எப்படி இருக்குது, அதச் சொல்லு."

சின்னராசு குனிந்தான். தங்கச்சி கதை சொல்லக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தாள். கேட்டதற்குப் பதில் சொல்லலாம்.

"நீங்களே பாத்துக்கலாமுங்க," என்றான். "உங்க மடியிலதான் இருக்குது."

தனசேகரன் சாக்கைப் பார்த்தான். சின்னராசுவின் முகத்தைப் பார்த்தான். எழப் பார்த்தான், முட்டி முன்சீட்டுக் கம்பியில் இடித்தது. எலுமிச்சம்பழம் கீழே விழுந்து கூட்டத்தின் கால்களுக்கு நடுவில் உருண்டு போயிற்று. "வாங்கு, வாங்கு" என்றான். சின்னராசு கை நீட்டவில்லை. அடுத்த வளைவு வந்தது. நின்றிருந்தவர்கள் அத்தனை பேரும் அவன்மேல் சாய்ந்தார்கள். சாக்கைக் கீழே வைக்க இடமில்லை. தனசேகரன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்னும் பாதி மலை ஏற வேண்டியிருந்தது.